கியர்பாக்ஸுக்கு அப்டேட் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷம் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். இப்போது கேடிசி நகர் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன ஒர்க் ஷாப். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் போன் போட்டால் பாதிப் பேர் கேட்பது இந்த ஒன்றைத்தான்: "அண்ணாச்சி, கியர்பாக்ஸுக்கு என்னமோ சாஃப்ட்வேர் வந்திருக்காம், போட்டுரவா?" ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கியர்பாக்ஸுக்குள்ள சாஃப்ட்வேரா? அது என்ன செய்யுது?

பாபநாசம் ரூட்டில் இருபது வருஷம் பஸ் ஓட்டின டிரைவரைப் பார்த்திருப்பீர்கள். மீட்டரைப் பார்க்கவே மாட்டார். இன்ஜின் முனகுகிற சத்தத்தை வைத்தே கியரை இறக்குவார். ஆட்டோமேட்டிக் காரில் அவர் வேலையை ஒரு சின்னப் பெட்டி பார்க்கிறது. டிசியு என்பார்கள். ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா, ஆயில் எவ்வளவு சூடு, இதையெல்லாம் நொடிக்குப் பல தடவை பார்த்து, எந்த கியர், எப்போது, கிளட்சை எவ்வளவு மெதுவாக விடுவது என்று முடிவு செய்யும். அந்த முடிவுக்கான கணக்கு பெட்டிக்குள் எண்களாக இருக்கிறது. அப்டேட் என்றால் அந்த எண்களை மாற்றி எழுதுவது. பல்சக்கரம் மாறாது, கிளட்ச் தட்டு மாறாது, ஆயில் மாறாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்தப் பெட்டி தானாகவும் கொஞ்சம் கற்றுக்கொள்ளும். கிளட்ச் தேயத் தேய, அது பிடிக்கும் இடம் நகரும். பெட்டி அதைக் கவனித்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். புது சாஃப்ட்வேர் ஏற்றும்போது பெரும்பாலும் அந்தக் கற்றலும் அழிந்து, பாடம் முதலில் இருந்து தொடங்கும்.

கார் நல்லாத்தான் ஓடுது. வழக்கமான சர்வீஸுக்கு விட்ட இடத்துல "ஒரு அப்டேட் இருக்கு சார், போட்டுரவா"ன்னு கேக்காங்க. என்ன சொல்ல?

உடனே தலையாட்டவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். இது எந்தக் குறைக்காக வந்தது, கட்டாயமா விருப்பமா, போட்ட பிறகு ஓட்டும்போது எனக்கு என்ன வித்தியாசம் தெரியும் என்று கேளுங்கள். இப்படி ஒரு அப்டேட்டை இறக்கும்போது கம்பெனி டீலருக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்பும். பதில் அதில் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் "பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மெண்ட் சார்" என்று மட்டும் அட்வைசர் சொன்னால் அவருக்கே தெரியாது என்று அர்த்தம். நானும் அப்படிச் சொன்னவன்தான். காலையில் வாசலில் நாற்பது வண்டி நிற்கும்போது யார் சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருப்பது?

பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் அன்றைக்கே போடுங்கள். ஓடும்போது இழுவை போய்விடும், நிறுத்தின வண்டி நகரும் என்கிற மாதிரிக் குறைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. கியர் கொஞ்சம் மென்மையாக விழும், மைலேஜ் கொஞ்சம் கூடும் என்கிற ரகம் என்றால், உங்கள் வண்டியில் அந்தக் குறை இல்லாதபோது அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடலாம். முதல் அப்டேட்டில் ஏதாவது கோளாறு இருந்தால் அதற்குள் அது வெளியே வந்துவிடும்.

அப்படியெல்லாம் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. ஹோண்டா ஃபிட் ஹைபிரிட் ஜப்பானில் 2013 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் 7 வேக இரட்டைக் கிளட்ச் (டிசிடி) கியர்பாக்ஸுக்காக முதல் சில மாதத்திலேயே திரும்பத் திரும்ப ரீகால். 2014 பிப்ரவரியில் கியர்பாக்ஸ் சாஃப்ட்வேருக்காக மட்டும், வெசல் காரையும் சேர்த்து, 80,000 வண்டிகளுக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். அந்த அக்டோபரில் வேறு காரணத்துக்காக ஐந்தாவது ரீகாலும் வந்தபோது நிர்வாகிகள் தங்கள் சம்பளத்திலேயே ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார்கள். ஹோண்டா மாதிரி கவனமான கம்பெனிக்கே அந்தப் பாடு.

ரீகால், சர்வீஸ் கேம்பெய்ன், சும்மா அப்டேட். மூணும் ஒண்ணுதானா?

இல்லை. ரீகால் என்றால் பாதுகாப்புக் குறை இருப்பதாகக் கம்பெனி ஒத்துக்கொண்டு, பொதுவில் சொல்லி, இலவசமாகச் சரிசெய்வது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் திருத்தம் வந்து 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம், கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் போடலாம். கியர்பாக்ஸ் ரீகாலும் நம் நாட்டில் புதுசில்லை. 2024 பிப்ரவரியில் ஹூண்டாய், 2023-இல் தயாரித்த கிரெட்டா, வெர்னா சிவிடி (பெல்ட்டில் ஓடும் கியர்பாக்ஸ்) வண்டிகளில் 7,698-ஐத் திரும்ப அழைத்தது. மின்சார ஆயில் பம்பின் கன்ட்ரோலரில் சந்தேகம். அதே சமயத்தில் கியாவும் செல்டோஸ் சிவிடி வண்டிகளை அழைத்தது.

சர்வீஸ் கேம்பெய்ன் என்பது பொதுவில் சொல்லாமல், வண்டி எப்போது சர்வீஸுக்கு வருகிறதோ அப்போது செய்துவிடுவது. காசு கேட்க மாட்டார்கள். மூன்றாவது ரகம், நீங்கள் குறை சொன்னால் மட்டும் போடுவது. உங்கள் வண்டிக்கு எது என்று தெரிய, சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறும்போது வண்டி குலுக்குது. "அப்டேட் போட்டா சரியாயிரும்"னு சொல்லுதாங்க. நம்பலாமா?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

நான் அட்வைசராக இருந்த காலத்தில் களக்காட்டுப் பக்கம் இருந்து ஒரு ஆசிரியர் வருவார். ஏஎம்டி கார், அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற வைத்த ரகம். காலையில் எடுத்ததும் முதல் கியரில் இருந்து இரண்டாவதுக்குப் போகையில் ஒரு வெட்டு வெட்டுகிறது என்றார். நான் கூடவே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான். கம்பெனியில் அதற்கு ஒரு அப்டேட் வந்திருந்தது. ஏற்றினோம். வெட்டு போய்விட்டது. ஐயாவுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். ஜாப் கார்டில் (வண்டியின் குறையையும் செய்த வேலையையும் எழுதுகிற சீட்டு) "சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதி மூடினேன். அவர் சொன்ன குறையை எழுதவில்லை. அடுத்த மாதமே வாரண்டி முடிந்தது. அதற்கு நாலு மாதம் கழித்து நாங்குநேரி டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி நியூட்ரலில் விழுந்து நின்றுவிட்டது. கிளட்சை இயக்குகிற ஆக்சுவேட்டர் போயிருந்தது. அந்த வெட்டு, ஆக்சுவேட்டர் தளர்ந்துவிட்டதற்கான முதல் அறிகுறி. புது சாஃப்ட்வேர் கிளட்சை மெதுவாக விட்டு அதை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். வாரண்டிக்குள்ளேயே குறை சொன்னேனே என்று அவர் கேட்டார். பேப்பரைப் புரட்டினால் குறையே இல்லை. 38,000 ரூபாய் கட்டினார். "நீங்கதானப்பா பக்கத்துல உக்காந்து பாத்தீங்க?" என்று கேட்டார். நிர்வாகத்திடம் பேசினேன், எடுபடவில்லை. அவர் அடுத்த சர்வீஸுக்கு வரவில்லை.

அதனால் குறையோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது: அப்டேட்டை மறுக்க வேண்டாம், ஆனால் குறை முதலில் பேப்பரில் ஏறட்டும். "கியர் பிராப்ளம்" என்று எழுத விடாதீர்கள். "காலையில் குளிர்ந்த நிலையில் 1-இல் இருந்து 2-க்கு மாறும்போது குலுக்கல், சூடான பிறகு குறைகிறது, ஓடியது 28,450 கிலோமீட்டர், அட்வைசர் கூட வந்து உறுதி செய்தார்." இப்படி வேண்டும். அப்டேட்டுக்கு முன்னால் ஸ்கேனரில் வந்த எரர் கோட்களின் (குறையைக் காட்டும் எண்கள்) பிரிண்ட் ஒன்று. பழைய சாஃப்ட்வேரின் எண், புதியதன் எண், இரண்டும். எல்லாக் கம்பெனி ஸ்கேனரிலும் இது தெரியும், கேட்டால் கொடுப்பார்கள். இல்லை என்றால் திரையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தாராளமாக ஏற்றச் சொல்லுங்கள். குறை திரும்பி வந்தால், வாரண்டி முடிந்திருந்தாலும், "உள்ளே இருக்கும்போதே சொன்னது" என்று காட்ட உங்கள் கையில் ஒன்று இருக்கும்.

குறை சாஃப்ட்வேரிலா, சாமானிலா? எனக்கு எப்படித் தெரியும்?

நூற்றுக்கு நூறு தெரியாது. ஆனால் ஒரு போக்கு இருக்கிறது. வாங்கின நாளில் இருந்தே அப்படித்தான், சூடோ குளிரோ ஒரே மாதிரி, பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடலும் அப்படியே என்றால் கணக்கில்தான் கோளாறு. ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் வண்டியைக் கேட்டு அதே ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டினால் பாதி சந்தேகம் தீரும்.

போன மாசம் இல்லை, இந்த மாசம் இருக்கிறது, வர வர கூடுகிறது, ஒரே ஒரு கியரில் மட்டும் வருகிறது, டவுனில் தேர் சமயத்துக் கூட்டத்தில் ஊர்ந்த பிறகு வருகிறது, கருகின வாடை, கீழே எண்ணெய்ச் சொட்டு, உறுமல் சத்தம் என்றால் சாமானைத்தான் பார்க்க வேண்டும். சீரான 70-இல் நாலு வழிச்சாலையில் போகும்போது ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் ஏறின மாதிரி ஒரு நடுக்கம் வந்து போகிறது என்றால், டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவை போகிற ரகம்) வண்டியாக இருந்தால் முதலில் ஆயிலைப் பார்க்கச் சொல்வேன்.

சாமான் குறையை சாஃப்ட்வேரால் தீர்க்க முடியாது என்பதற்குப் பெரிய உதாரணம் ஃபோக்ஸ்வாகனின் 7 வேக டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த நவம்பரில் உலகம் பூராவும் அந்த கியர்பாக்ஸின் சிந்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றக் கூப்பிட்டார்கள். சூடும் ஈரமும் கூடிய ஊரில், நின்று நின்று ஓடும்போது அந்த ஆயிலால் மின்சாரக் கோளாறு வந்ததுதான் காரணம். சூடு, ஈரம், நின்று நின்று ஓடுவது என்று படித்தபோது எனக்கு வண்ணாரப்பேட்டை சிக்னல்தான் கண்ணில் நின்றது.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார், நீங்க ஓட்டுத விதம் அப்படி"ன்னு சொல்லிட்டாங்க.

உலகம் முழுக்க இதே வசனம்தான் போல. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் குலுங்குகிறது என்று வந்தவர்களிடமும் இதைச் சொன்னார்கள். ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகள். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய், 2018-இல் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. புகார்களைக் கையாண்ட விதத்துக்காகவே அந்த அபராதம்.

ஆனாலும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏஎம்டி, டிசிடி இரண்டையும் கெடுக்கிற ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்துவது. ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றால் தினமும் பத்து வண்டி இப்படி நிற்கும். கிளட்ச் பாதி பிடித்து பாதி நழுவி, சூட்டில் வேகும். எந்த அப்டேட்டும் அதற்கு மருந்தாகாது. அங்கே ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள்.

ஏஎம்டிக்கு ஒரு பதில், சிவிடிக்கு ஒரு பதில்னு இருக்கா?

இருக்கிறது.

ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். காலுக்கும் கைக்கும் பதிலாக ஆக்சுவேட்டர் கிளட்சை அழுத்தி கியரை மாற்றும். நம் ஊரில் 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவ ஆரம்பித்தது. இதில் ஓட்டும் சுகம் பூராவும் கணக்கில்தான் இருக்கிறது. அதனால் நல்ல அப்டேட் வந்தால் வண்டியே மாறின மாதிரி தெரியும், மோசமானது வந்தாலும் அப்படியே தெரியும். போட்டதும் ஸ்கேனர் வைத்து கிளட்ச் லேர்னிங் (கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுப்பது) செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதைச் செய்யாமல் வண்டியை வெளியே விட்டுவிட்டு "ஓட ஓட சரியாயிரும்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

சிவிடியில் கியரே கிடையாது, இரண்டு கப்பிக்கு நடுவே ஒரு எஃகு பெல்ட். பெல்ட்டை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதை சாஃப்ட்வேர் சொல்கிறது. நழுவல் இருந்தால் அழுத்தத்தைக் கூட்டி அப்டேட் வரும். ஆயிலில் இரும்புப் பொடி மின்னினால் பெல்ட் ஏற்கனவே அடி வாங்கிவிட்டது. அப்போது அப்டேட் போடுவது, ஓட்டை வாளிக்கு வெளியே பெயின்ட் அடிக்கிற மாதிரி. ஆயிலைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

இரட்டைக் கிளட்ச் வண்டிக்கு, அதிலும் கிளட்ச் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் ரகத்துக்கு, சூடுதான் எதிரி. அதற்கு வருகிற அப்டேட் பலவும் ஊர்ந்து போவதைப் பற்றியும் சூடு எச்சரிக்கையைப் பற்றியும் இருக்கும். சாரல் சீசனில் குற்றாலத்துக்கு கார் வரிசையில் ஊர்ந்து போகிறவர்களுக்கு அது உதவும். டார்க் கன்வெர்ட்டர் இருப்பதிலேயே சாது. அதற்கு அப்டேட் வந்தால் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும்.

2023 வெள்ளத்துல வண்டி முங்கிட்டு. அப்புறம் கியர் சரியா விழல. அப்டேட் போட்டுப் பார்ப்போமான்னு சொல்லுதாங்க.

வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரையெல்லாம் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னமும் என் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வயரிங் கனெக்டருக்குள் பச்சைப் பாசி மாதிரி துரு. பெட்டிக்கு வருகிற சிக்னலே தப்பு, அப்படியிருக்க கணக்கை மாற்றி என்ன பயன்? முதலில் கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, கியர்பாக்ஸ் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கலந்திருந்தால் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கும். அந்த நிலையில் சாஃப்ட்வேர் ஏற்றுவது ஆபத்தும்கூட. நடுவில் தொடர்பு அறுந்தால் பெட்டியே போய்விடும்.

ஏத்திக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிட்டுன்னா?

பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. வேலை நடக்கும்போது இக்னிஷன் ஆனில் இருக்கும், இன்ஜின் ஓடாது. பேட்டரி மட்டுமே சோறு போடும். முழு சார்ஜில் நிற்கிற பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். மூன்று வருஷப் பழசு, வெயிலில் காய்ந்தது என்றால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அதனால் வோல்டேஜைத் தாங்கிப்பிடிக்க ஒரு சார்ஜரை மாட்டித்தான் ஏற்ற வேண்டும். லேப்டாப் சார்ஜ், யுபிஎஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பாதியில் நின்றால் பெரும்பாலும் மறுபடி ஏற்ற முடியும். முடியாவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டும், அந்தச் செலவு அவர்களுடையது. வேலை தொடங்குமுன் "சார்ஜர் மாட்டுவீங்கள்லா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே மெக்கானிக் நிமிர்ந்து உட்காருவார்.

போட்ட பிறகு வண்டி மந்தமா இருக்கு, பிக்கப் இல்ல.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பெட்டி பாடத்தை மறந்து புதிதாகக் கற்கிறது. சில நாள் டவுன், மேம்பாலம், நாலு வழிச்சாலை என்று கலந்து ஓட்டினால் அடங்கும். இன்னொன்று, கம்பெனி வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கலாம். கிளட்சைக் காப்பாற்ற இழுவையைக் கொஞ்சம் குறைப்பது, சீக்கிரம் மேல் கியருக்குப் போவது என்று. மைலேஜ் கூடும், முந்திப்போகையில் இழுவை போதாது. சும்மா "மந்தம்" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே போடுவதற்கு முந்தின நாளே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாதையில் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது இது: ஈரடுக்குப் பாலம் ஒரு ஏற்றம், அப்புறம் நாங்குநேரி வரை ஒரு சீரான ஓட்டம், 60-இல் இருந்து 90-க்கு ஒரு இழுப்பு. வசதி இருந்தால் பாபநாசத்தில் இருந்து காரையாறு ஏறி இறங்கிப் பாருங்கள். இறக்கத்தில் கியரை இறக்கி இன்ஜின் பிடிப்பில் வருகிறதா, இல்லை பிரேக்கிலேயே வர வேண்டியிருக்கிறதா என்று தெரியும். பக்கத்தில் இருப்பவர் போனில் படம் எடுக்கட்டும். போட்ட பிறகு அதே பாதை, அதே ஆட்கள், அதே ஏசி.

பிடிக்கலைன்னா பழையதுக்கே மாத்திக்கிடலாமா?

பெரும்பாலும் முடியாது. டீலரின் ஸ்கேனர் பழையதை ஏற்ற விடாது. அதனால்தான் போடுவதற்கு முன்னால் இவ்வளவு கேள்வி.

போட வேண்டாம்னு சொன்னா வாரண்டி போயிருமா?

ஒரு அப்டேட்டைத் தள்ளிவைத்ததால் மட்டும் முழு வாரண்டியும் போகாது. ஆனால் அந்த அப்டேட் எந்தக் குறையைத் தடுக்க வந்ததோ அதே குறை பிறகு வந்தால், "அன்றைக்கே சொன்னோமே" என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வேண்டாம் என்று முடிவு செய்தால் காரணத்தோடு ஜாப் கார்டில் எழுதுங்கள். வாரண்டி முடிய மூன்று நான்கு மாதம்தான் இருக்கிறது என்றால் என் யோசனை வேறு. தள்ளிப்போடாதீர்கள், உடனே போட்டுவிடுங்கள். போட்டு ஓட்டிப் பார்த்து, குறை திரும்பினால் வாரண்டிக்குள்ளேயே திரும்பப் போக அவகாசம் வேண்டும்.

வெளிய ரீமேப் செய்யுத பையன் கம்பெனியைவிட நல்லா பண்ணித் தாரேன்னு சொல்லுதான்.

ரீமேப் என்றால் கம்பெனிக்கு வெளியே ஆள் வைத்து அந்தக் கணக்கை மாற்றி எழுதுவது. இன்ஜினுக்கே யோசிப்பேன். கியர்பாக்ஸுக்கு வேண்டவே வேண்டாம்.

போன்ல வர்ற மாதிரி வண்டியிலயே "அப்டேட் ரெடி"ன்னு வருது. இப்பமே அமுக்கவா?

அதற்கு ஓடிஏ என்று பெயர், வீட்டு வாசலிலேயே ஏறிவிடும். பெரும்பாலும் பாட்டுப் பெட்டிக்கும் மேப்புக்கும் வரும். கியருக்கும் மோட்டாருக்கும் வருவது எலெக்ட்ரிக் வண்டிகளில் அதிகம். ஐ.நா.வின் 156-ஆம் ஒழுங்குமுறை என்று ஒன்று இருக்கிறது, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்படி ஏற்றுவதற்கு முன் எதற்காக, என்ன மாறும், எவ்வளவு நேரம் ஆகும், அப்போது எதெல்லாம் வேலை செய்யாது என்று வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் உண்டு. திரையில் வருகிற அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில், வீட்டில், ராத்திரி அமுக்குங்கள். பாதியில் வண்டியை எடுக்க முடியாது. கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு, ஆறரை மணி முகூர்த்தத்துக்கு, ஐந்தரைக்கு அமுக்கின ஒருவரை எனக்குத் தெரியும். சொந்த மைத்துனர். கடைசியில் ஆட்டோவில்தான் போனார்.

பழைய ஆட்டோமேட்டிக் வாங்கப் போறேன். இதுல என்ன பார்க்கணும்?

சர்வீஸ் ஹிஸ்டரியில் கியர்பாக்ஸ் அப்டேட் எத்தனை தடவை, எந்தக் குறைக்காக என்று பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் இயல்பு. ஒரே குறைக்கு மூன்று தடவை அப்டேட் போட்டு, அப்புறம் விற்பனைக்கு வந்திருக்கிறது என்றால் நான் தொட மாட்டேன். ரீகால் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சேசிஸ் நம்பரை வைத்து டீலரிடமே கேட்கலாம். கைமாறின வண்டிக்கும் ரீகால் வேலை இலவசம்தான்.

எல்லாம் செஞ்சும் கேக்க மாட்டேங்காங்க. எங்க போக?

முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல், ஜாப் கார்டுகளின் நகலோடு. டீலரிடம் கத்துவதைவிட இது நன்றாக வேலை செய்யும். சென்னையில் இருந்தோ மதுரையில் இருந்தோ கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணமும் பெரிதில்லை. 5 முதல் 10 லட்சம் வரையான வண்டிக்கு 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். களக்காட்டு ஐயாவிடம் அன்றைக்கு இதை நான் சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

எங்க அப்பாதான் ஓட்டுவாங்க, எழுபது வயசு. பழகின வண்டி கை மாறின மாதிரி ஆயிருமே?

நல்ல கேள்வி, ஆனால் இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. அப்டேட்டுக்குப் பிறகு பெரும்பாலும் மாறுகிற ஒன்று, பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக ஊர்கிற வேகம். முன்பு இரண்டு நொடி கழித்து நகர்ந்த வண்டி இப்போது எடுத்ததும் நகரலாம். நம் வீடுகளில் தெருவில் இருந்து போர்ட்டிகோவுக்கு ஒரு செங்குத்தான சரிவு போட்டு வைத்திருக்கிறோம். வயதானவர்கள் அதில் ரிவர்ஸில் ஏற்றும்போது, முன்பு எவ்வளவு மிதித்தார்களோ அதே அளவு மிதிப்பார்கள். பின்னால் சுவர், இல்லையென்றால் துளசி மாடம்.

அதனால் சர்வீஸ் சென்டரில் இருந்து வண்டியை நீங்கள் ஓட்டி வாருங்கள். அப்பாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய், அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஊர விடுங்கள், பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த நாள் தெரு. வாசல் சரிவு கடைசியாக, நீங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.